கேரவனில் 10 லிட்டர் வெந்நீர் நான்கு பேருக்குப் போதுமா? ஹீட்டர் பற்றிச் சில ஐயங்கள்

லெஸ்டர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். காரின் பின்னால் இழுத்துச் செல்லும் நான்கு படுக்கைக் கேரவன் ஒன்றை இக்கோடையில் பழையதாக வாங்கினோம். அதில் ட்ரூமா அல்ட்ராஸ்டோர் வகை வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. கொள்ளளவு 10 லிட்டர். சிலிண்டர் வாயுவிலும் இயங்கும், மின்சாரத்திலும் இயங்கும். இரண்டுக்கும் சுவரில் தனித்தனி சுவிட்ச் உண்டு. விற்றவரிடம் கையேடு இல்லை. "போட்டால் சூடாகும்" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் விடுமுறையில் கெஸ்விக் அருகே ஒரு தளத்தில் தங்கினோம். அங்கே ஒவ்வோர் இடத்துக்கும் 10 ஆம்பியர் மின் இணைப்புதான் கொடுத்தார்கள். காலையில் ஹீட்டரும் அறையைச் சூடாக்கும் மின் கணப்பும் ஓடிக்கொண்டிருக்கும்போது, வீட்டிலிருந்து கொண்டு போன கெட்டிலில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தால், அது கொதிப்பதற்குள் வெளியே கம்பத்தில் இருக்கும் பிரேக்கர் விழுந்துவிடும். தளப் பொறுப்பாளரை அழைத்துத்தான் அதை மீண்டும் போட வேண்டியிருந்தது. மூன்றாம் முறை அவர் முகம் போன போக்கு நன்றாக இல்லை.

என்னை அதிகம் குழப்புவது வேறொன்று. முதல் ஆள் குளிக்கும்போது வெந்நீர் நன்றாகவே வருகிறது. அதன்பின் ஒரு மணி நேரம் ஹீட்டரை ஓடவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்தாலும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ஹீட்டர் தொட்டியைத் தொட்டால் அதன் மேல் மூடி வெப்பமாக இருக்கிறது. ஆகவே அது வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியவில்லை. மேலும், சூடாகும் நேரத்தில் வண்டியின் அடியில் தண்ணீர் சொட்டுகிறது.

ஹீட்டரை நாள் முழுவதும் போட்டே வைப்பதா, வேண்டும்போது மட்டும் போடுவதா என்பதிலும் வீட்டில் ஒத்த கருத்து இல்லை. பிப்ரவரி விடுமுறையில் ஸ்காட்லாந்தில் ஏவிமோர் பக்கம் போகும் எண்ணம் இருப்பதால் இப்போதே கேட்டுத் தெளிந்துகொள்ள விரும்புகிறேன்.

கென்ட்_கேரவன்:

வணக்கம் ஐயா. முதலில் மின்சாரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பிரேக்கர் விழுவது பழுதன்று, கூட்டல் கணக்கு.

10 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 2,300 வாட். உங்கள் ஹீட்டரின் மின் சுருள் 850 வாட் இழுக்கும். மின் கணப்பை 1,000 வாட்டில் வைத்திருந்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். குளிர்பெட்டியையும் பேட்டரி சார்ஜரையும் சேர்த்தால் அப்போதே வரம்பை நெருங்கிவிட்டீர்கள். அதன் மேல் வீட்டுக் கெட்டில் 3,000 வாட் கேட்கிறது. மொத்தம் 5,000 வாட்டைத் தாண்டுகிறது, அதாவது 22 ஆம்பியர் அளவில். இத்தகைய மிகைச்சுமையில் பிரேக்கர் அந்த நொடியே விழாது. உள்ளே உள்ள உலோகத் தகடு சூடேறி வளைந்த பிறகுதான் விழும். அதனால்தான் கெட்டில் சற்று நேரம் இரைந்து நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு கைவிடுகிறது. கேரவன்களுக்கென 750 முதல் 1,000 வாட்டில் கெட்டில்கள் கிடைக்கின்றன. அதுவும் ஹீட்டரும் ஒன்றாக ஓடலாம். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்கு மின் கணப்பை அணைத்துவிட வேண்டும்.

இனி வெந்நீர். 10 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.7 யூனிட் ஆற்றல் வேண்டும். 850 வாட் சுருளுக்கு அது கணக்குப்படி 50 நிமிட வேலை, வெப்ப இழப்பால் நடைமுறையில் 70 நிமிடம் வரை ஆகும். ஹீட்டரின் வாயு எரிப்பான் 1,500 வாட் அளவினது என்பதால் ஏறத்தாழ 50 நிமிடத்தில் முடித்துவிடும். இரண்டு சுவிட்சையும் ஒரே நேரத்தில் போட்டால் ஏறத்தாழ 35 நிமிடத்தில் தொட்டி தயாராகிவிடும். இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று பலர் தயங்குகிறார்கள். இந்த ஹீட்டர் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வாயுச் செலவும் அஞ்சும்படி இல்லை. ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் 120 கிராம் ஆகும். ஒரு தொட்டிக்கு அதைவிடக் குறைவுதான். குடும்பம் முழுவதும் அடுத்தடுத்துக் குளிக்கும் காலை வேளையில் வாயுவையும் சேர்த்துக்கொண்டு, மற்ற நேரத்தில் மின்சாரத்தோடு நிறுத்திக்கொள்வதே என் வழக்கம்.

வாயுவில் போடும் முன் வெளிச்சுவரில் உள்ள புகைப்போக்கியின் நெகிழி மூடியைக் கழற்றிவிட்டீர்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மழையும் சிலந்தியும் உள்ளே போகாதிருக்க அந்த மூடி. அதை வைத்துக்கொண்டு எரிய விடுவது ஆபத்து. பக்கவாட்டுக் கூடாரம் கட்டினால் புகைப்போக்கி அதற்குள் அகப்படாமல் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்பதையும் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றுக் குமிழிகள் துப்புவது நின்று, தண்ணீர் சீராக வந்த பிறகுதான் ஹீட்டரைப் போட வேண்டும்.

ஹரோ_ஊர்சுற்றி:

வணக்கம் அண்ணா. நாங்கள் இதே வகை ஹீற்றரைப் பல வருடங்களாகப் பாவிக்கிறோம். எங்கள் வீட்டில் காலையில் போட்டால் இரவு படுக்கும்வரை நிறுத்துவதில்லை. தொட்டியைச் சுற்றி வெப்பக்காப்பு இருக்கிறது. 70 பாகைக்கு வந்ததும் தானாகவே நின்றுவிடும், ஆறினால் தானாகவே தொடங்கும். ஒரு நாள் வாடகைக்குள் மின்சாரமும் அடங்கிய தளங்களில் அதைப் போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தி என்ன மிச்சம் காணப் போகிறோம்? மீற்றர் வைத்துக் காசு வாங்கும் இடமென்றால் மட்டும் யோசிக்கலாம்.

நான்கு பேர் குளிப்பதற்கு வழி இருக்கிறது. 70 பாகைத் தண்ணீரை அதே அளவு 10 பாகைத் தண்ணீரோடு கலந்தால் 40 பாகை வரும். ஆகவே 10 லீற்றர் வெந்நீர் குளிக்கும் பதத்தில் 20 லீற்றர் ஆகிறது. நிமிடத்துக்கு 5 லீற்றர் என்று ஊற்றவிட்டால் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே உடம்பை நனைத்தவுடன் ஷவரின் தலையில் உள்ள பொத்தானை அழுத்தி நிறுத்தி, சவர்க்காரம் போட்டுவிட்டு, மறுபடி திறந்து கழுவ வேண்டும். எங்கள் அம்மா வந்திருந்தபோது இந்த வித்தையெல்லாம் வேண்டாமென்று ஒரு சிறிய வாளியில் பதமாகக் கலந்து, கோப்பையால் அள்ளி ஊற்றிக் குளித்தார். எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் தண்ணீர் குறைவாகச் செலவானது.

பிரான்ஸ் பக்கம் போகும் எண்ணமிருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். அங்குள்ள பல தளங்களில் 6 அம்பியர்தான் தருவார்கள். அது 1,380 வாற்று. ஹீற்றர் ஓடும்போது ஒரு சிறிய கேத்திலைக் கூட வைக்க முடியாது.

ப்ராட்ஃபோர்ட்_பட்டறை:

வணக்கம். கேரவன் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லெஸ்டர் நண்பரின் வெதுவெதுப்புச் சிக்கலுக்கு ஹீட்டர் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். மேலே சொன்ன ஷவர் பொத்தானைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேரவனில் தண்ணீர்ப் பாதை எப்படிப் போகிறது என்று பாருங்கள். வெளியே உள்ள உருளைப் பீப்பாயிலிருந்து பம்ப் தள்ளும் தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை நேரே எல்லாக் குழாய்களின் குளிர்ப் பக்கத்துக்கும், மற்றொன்று ஹீட்டர் தொட்டி வழியாக எல்லாக் குழாய்களின் வெந்நீர்ப் பக்கத்துக்கும் போகிறது. குளியலறையின் ஒற்றைக் கைப்பிடிக் கலவைக் குழாயில் இவ்விரண்டும் சந்திக்கின்றன. நீங்கள் கைப்பிடியை நடுவில் திறந்தே விட்டு, ஷவர் தலையில் உள்ள பொத்தானை மட்டும் மூடினால், வெளியேறும் வாய்தான் அடைபடுகிறது. உள்ளே குளிர்ப் பாதைக்கும் வெந்நீர்ப் பாதைக்கும் நடுவே கதவு திறந்தே கிடக்கிறது. அந்த நிலையில் ஒருவர் சமையலறையில் வெந்நீரைத் திறந்தால், தொட்டி வழியாகச் சுற்றி வருவதைவிடக் குளியலறைக் கலவைக் குழாய் வழியாகக் குறுக்கே பாய்வது குளிர்ந்த நீருக்கு எளிது. தொட்டியில் 70 டிகிரி இருந்தாலும் உங்கள் கைக்கு வெதுவெதுப்பாகத்தான் வந்து சேரும்.

குளித்து முடித்தவர் பொத்தானை மூடிவிட்டுக் கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்திருந்தால், அடுத்த ஒரு மணி நேரம் என்ன, மறுநாள் வரையிலும் இதே கதைதான். சோதிப்பது எளிது. ஹீட்டர் நன்றாகச் சூடான பின் சமையலறை வெந்நீரைத் திறந்து கையை வைத்துக்கொண்டே, இன்னொருவரை விட்டுக் குளியலறைக் கைப்பிடியை முழுவதுமாக மூடச் சொல்லுங்கள். சில நொடிகளில் சூடு ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. பொத்தானைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சோப்புப் போடும் இடைவெளிக்கு அது நல்லதே. அந்த நேரத்தில் மற்றவர்கள் வேறு குழாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், குளியல் முடிந்ததும் கைப்பிடியையும் மூட வேண்டும். தொந்தரவு தொடர்ந்தால், கலவைக் குழாய்க்கு வரும் இரு இணைப்புகளிலும் தண்ணீர் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் சிறு வால்வுகளைப் பொருத்திவிடலாம்.

அடியில் சொட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 10 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 220 மில்லி விரிவடைகிறது. குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது அது எங்கேயாவது போக வேண்டுமல்லவா? வடிகால் வால்வோடு சேர்ந்த பாதுகாப்பு அமைப்பு அழுத்தத்தைத் தணிக்கச் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. சூடாகும்போது மட்டும் சொட்டினால் கவலை வேண்டாம். தண்ணீர் ஆறிக் கிடக்கும்போதும் விடாமல் சொட்டினால் வால்வின் இருக்கையில் மணலோ சுண்ணாம்புத் துகளோ மாட்டியிருக்கும். தண்ணீர் ஆறியிருக்கும் நேரமாகப் பார்த்து, நெம்புகோலை நாலைந்து முறை திறந்து மூடி வேகமாக ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தென்கிழக்கு இங்கிலாந்தின் கடினநீரை நிரப்புபவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன்.

போட்டே வைப்பது குறித்து ஹரோ நண்பரிடமிருந்து கொஞ்சம் வேறுபடுகிறேன். செலவைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே. ஆனால் குறைந்த ஆம்பியர் உள்ள இடத்தில், தானாகத் தொடங்கும் 850 வாட் எப்போது தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கெட்டில் வைத்த அதே நிமிடத்தில் அது விழித்துக்கொண்டால் பிரேக்கர் விழும். 16 ஆம்பியர் தளத்தில் தாராளமாகப் போட்டு வையுங்கள். 10 ஆம்பியரிலும் அதற்குக் கீழும் சமையல் நேரத்தில் மின் சுவிட்சை அணைத்து, தேவைப்பட்டால் வாயுவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று: கம்பத்திலிருந்து வரும் அந்த ஆரஞ்சு நிறக் கேபிள் 25 மீட்டர் நீளம் இருக்கும். மிச்சத்தைச் சுருட்டி வைக்காமல் முழுவதையும் விரித்துத் தரையில் போட்டுவிடுங்கள். சுருளாகக் கிடக்கும் கேபிள் முழுச் சுமையில் உருகும் அளவுக்குச் சூடேறும். அப்படி ஒட்டிக்கொண்ட சுருள்கள் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

லெஸ்டர்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று வாசலில் நிற்கும் கேரவனில் தண்ணீர் ஏற்றிப் பட்டறை நண்பர் சொன்னபடியே சோதித்துப் பார்த்தேன். மகளைக் குளியலறையில் நிறுத்திக் கைப்பிடியை மூடச் சொன்னதும், சமையலறைக் குழாயில் கை வைக்க முடியாத சூடு வந்தது. அவள் மீண்டும் திறந்ததும் பழையபடி வெதுவெதுப்பாகிவிட்டது. ஹீட்டரை மாற்றுவதற்கு ஒருவர் விலை சொல்லியிருந்தார். அது இனித் தேவையில்லை.

இப்போது குளிர்காலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். பிப்ரவரியில் ஏவிமோரில் உறைநிலைக்குக் கீழே போகும் என்கிறார்கள். எங்களிடம் இருப்பது நீல நிற பியூட்டேன் சிலிண்டர். அதோடு, ஏவிமோருக்குப் புறப்படும்வரை வண்டி வெளியில்தான் நிற்கும்.

அபர்டீன்_அக்கா:

வணக்கம் தம்பி. வடக்கே குளிர்காலத்தில் கேரவனில் தங்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு.

பியூட்டேனை லெஸ்டரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அதன் கொதிநிலை ஏறக்குறைய 0 டிகிரி. அதற்குக் கீழே சிலிண்டர் நிறையத் திரவம் இருந்தாலும் வாயுவாக மாறி வெளியே வராது. ஹீட்டர் தீப்பொறி போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். சிவப்பு சிலிண்டர் அதுதான். உங்கள் ரெகுலேட்டர் வண்டிச் சுவரில் பொருத்திய 30 மில்லிபார் வகையாக இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை, சிலிண்டரோடு இணையும் குழாயை மட்டும் புரோப்பேனுக்கு உரியதாக மாற்றினால் போதும். புதிய சிலிண்டர் மாட்டியவுடன் குழாயில் காற்று நிற்பதால் முதல் முயற்சியில் ஹீட்டர் பற்றாமல் போகலாம். முதலில் அடுப்பைப் பற்றவைத்துச் சுடர் சீராகும்வரை எரியவிட்டு, பிறகு ஹீட்டரைப் போடுங்கள்.

அங்கே உங்களுக்குத் தொல்லை கொடுக்கப்போவது ஹீட்டரைவிட வெளியே நிற்கும் பீப்பாய்தான். இரவில் அதுவும், அதிலிருந்து வரும் குழாயும் உறைந்துவிடும். வெப்பக்காப்பு உறை போட்டாலும் கடுங்குளிரில் போதாது. நாங்கள் இரவு படுக்கும் முன் பீப்பாயை உள்ளே உருட்டிக் கொண்டுவந்து குளியலறைத் தட்டில் நிறுத்திவிடுவோம். காலையில் பம்பை அதற்குள் இறக்கினால் போதும். கழிவுநீர்க் கலத்தை இரவில் காலியாக விடுங்கள். வெளிக்குழாயில் தேங்கிய நீர் பனிக்கட்டியானால் மறுநாள் பாத்திரம் கழுவும் தொட்டியின் தண்ணீர் குளியலறைத் தரையில்தான் ஏறும்.

உங்கள் ஹீட்டருக்குப் பொருந்தாது என்றாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு செய்திகள். அறையையும் தண்ணீரையும் ஒன்றாகச் சூடாக்கும் ட்ரூமா கோம்பி ஹீட்டர் வைத்திருப்பவர்களின் வண்டியில் உறைபனி வால்வு ஒன்று இருக்கும். வெப்பநிலை சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் அது தானாகத் திறந்து தொட்டித் தண்ணீரை முழுவதும் கீழே கொட்டிவிடும். 7 டிகிரிக்கு மேல் ஏறும்வரை மூடவும் முடியாது. குளிர்ந்து கிடக்கும் வண்டிக்குள் வந்தவர்கள் தண்ணீர் நிற்கவில்லையே என்று அதைத் துணிக் கிளிப்பால் இறுக்கிப் பிடித்து வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் வால்வு இருப்பதன் பயனே போய்விடும். முதலில் அறையைச் சூடாக்கி, வால்வு இருக்கும் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதே முறை. அந்த ஹீட்டரில் 40 டிகிரி, 60 டிகிரி என இரண்டு நிலைகள் உண்டு. சிக்கனம் கருதி நாள் கணக்கில் 40-இலேயே வைத்திருப்பவர்கள், லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில்தான் பெருகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தேக்கி வைக்கும் வெந்நீர் 60 டிகிரியாவது இருக்கட்டும், குளிக்கும்போது கலந்துகொள்ளலாம். உங்கள் ஹீட்டர் 70-க்குப் போவதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் முதலில் குளிர்நீரைத் திறந்து, அதன் பிறகு வெந்நீரைச் சேர்க்கப் பழக்குங்கள்.

ப்ராட்ஃபோர்ட்_பட்டறை:

வண்டி வெளியில் நிற்கும் காலத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி விட்டுப்போயிற்று. சோதனைக்கு நீங்கள் ஏற்றிய தண்ணீர் இன்னும் தொட்டியில் இருந்தால் இந்த வாரமே வடித்துவிடுங்கள். உறைந்த நீர் விரிந்து தொட்டியைப் பிளந்தால், உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தாலும் தயாரிப்பாளர்கள் அதை ஏற்பதில்லை.

ஹீட்டரின் இரு சுவிட்சுகளையும் பம்பையும் அணைத்து, தண்ணீர் ஆறிய பின் வடிகால் நெம்புகோலைத் திறங்கள். 70 டிகிரி நீர் காலில் பட்டால் தோல் உரிந்துவிடும். அடுத்து எல்லாக் குழாய்களையும் திறந்து, ஒற்றைக் கைப்பிடி உள்ளவற்றை நடுவில் நிறுத்துங்கள். வெந்நீர்ப் பக்கம் திறந்தால்தான் தொட்டிக்குள் காற்றுப் புகும், காற்றுப் புகுந்தால்தான் தண்ணீர் இறங்கும். ஷவர் தலையைக் கொக்கியிலிருந்து எடுத்து, பொத்தானைத் திறந்த நிலையில் தட்டில் கிடத்துங்கள். பலர் மறப்பது இந்த ஷவரைத்தான். வசந்தத்தில் பட்டறைக்கு வரும் வெடித்த கலவைக் குழாய்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. கழிவறையின் ஃப்ளஷ் பொத்தானை அழுத்தி அதன் குழாயையும் வெறுமையாக்குங்கள்.

வடிகால் வாயின் கீழே ஒரு வாளியை வைத்து அளந்து பாருங்கள். 10 லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். ஏழெட்டு லிட்டரோடு நின்றுவிட்டால் எங்கோ ஒரு வெந்நீர்க் குழாய் மூடியிருக்கிறது, அல்லது வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. முன்சக்கரத்தின் கைப்பிடியைச் சுழற்றி வண்டியின் மூக்கை ஏற்றியும் இறக்கியும் மீதியை வடியுங்கள். பிறகு குழாய்களையும் நெம்புகோலையும் திறந்தபடியே விட்டு, புகைப்போக்கி மூடியை மாட்டிவிடுங்கள். பிப்ரவரியில் புறப்படும் முன் மூடியைக் கழற்றி, நெம்புகோலை மூடி, குழாய்களுக்கான கிருமிநீக்கித் திரவம் கலந்த தண்ணீரை ஒரு முறை ஏற்றி, அதன் உறையில் சொல்லியிருக்கும் நேரம் வைத்திருந்து, நன்றாக அலசிய பின் புதுத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.